மூன்றாவது பட்டியல்

மன்னார்க் கரையில் ஒரு பாடசாலையில் தமிழிலக்கிய வரலாறு கற்பிப்பது நமது தொழில். சங்ககாலம், சங்கமருவிய காலம், பல்லவர் காலம், சோழர் காலம், நாயக்கர் காலம், ஐரோப்பியர் காலம் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதுவோம். நாயக்கர் காலத்துக்கு வரும்போது, ‘உமறுப் புலவர், சீறாப்புராணம்’ என்று ஒரு வரி எழுதி, அதன்கீழ் ஒரு கோடும் இழுத்துவிட்டு, அடுத்த காலத்துக்குப் போய்விடுவோம். பல ஆண்டுகளாக இவ்வாறே செய்து வந்தோம். நமக்குக் கற்பித்தவர்களும் இவ்வாறே செய்தனர். ஒருநாள் வகுப்பின் கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவன், புத்தளத்து அகதி முகாமொன்றில் பெற்றோர் வளர்ந்து, பின்னர் ஊர் திரும்பிய குடும்பம். “சேர், எங்கட ஊர்ப் பக்கம் ஒருத்தரும் ஒண்டும் எழுதல்லையா?” என்று கேட்டான்.

அவன் கேட்டது எளிய கேள்வி. விடை கூற நம்மால் முடியவில்லை. “எழுதியிருப்பார்கள்” என்றோம். ‘எழுதினார்கள்’ என்பதற்கும் ‘எழுதியிருப்பார்கள்’ என்பதற்கும் இடையே உள்ள தூரம் எத்துணை பெரிது என்பதைப் பல்கலைக்கழகத்தில் இலக்கணம் படித்த நாம் அன்றுதான் உணர்ந்தோம். முன்னது சான்றின்மேல் நிற்பது. பின்னது ஊகத்தின்மேல் நிற்பது. ஒரு சமூகத்தின் இலக்கியத்தைச் சான்றின்மேல் நிறுத்துவது எது? பட்டியல்தான். இன்ன நூல், இன்னார் இயற்றியது, இன்ன ஆண்டில் எழுதப்பட்டது, இன்னார் வீட்டில் இருக்கிறது என்று ஒருவர் எழுதி வைத்தால்தான் அந்நூல் வரலாற்றில் இடம்பெறுகிறது. எழுதி வைக்காவிட்டால், இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.

இந்த உண்மையை வாழ்நாள் முழுவதும் உணர்ந்து உழைத்த ஒருவரைப் பற்றி இங்கே பேச விரும்புகிறோம். அவரை நினைவுகூர்வது மட்டும் நமது நோக்கமன்று. அவர் செய்த வேலையை நமது கரையில் நாம் செய்யாமல் விட்டோம் என்ற குற்றத்தை ஒப்புக்கொள்வதும், அதனை இனியேனும் செய்யவேண்டும் என்று வற்புறுத்துவதுமே நோக்கம்.

பேராசிரியர் ம. மு. உவைஸ் 1922ஆம் ஆண்டு பாணந்துறையில் பிறந்தார். சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் தென்மேற்குக் கரையோரப் பகுதி அது. யாழ்ப்பாணத்தின் கந்தபுராண கலாசாரமோ, மட்டக்களப்பின் கூத்துக் களரியோ அவரது பிறப்பிடத்தில் இல்லை. அத்தகைய சூழலிலிருந்து வந்த அவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சுவாமி விபுலானந்தர் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய காலத்தில் தமிழ் பயின்றார். முதுகலைப் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு. அந்த ஆய்வு 1953இல் கல்ஹின்னைத் தமிழ் மன்றத்தின் வெளியீடாக ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றது. கண்டிப் பகுதி மலைநாட்டின் ஒரு சிற்றூரிலிருந்து இயங்கிய சிறிய மன்றம் அந்நூலை வெளியிட்டது என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும்.

பின்னர் இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களைக் குறித்து ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ நாவலைக் ‘கிராமப் பிறழ்வு’ என்ற பெயரில் தமிழுக்குத் தந்தவரும் அவரே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஓர் இருக்கை அமைந்தபோது, கடல் கடந்து சென்று அதன் பேராசிரியராகப் பணியாற்றினார். பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து அவர் எழுதிய ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ 1986 தொடங்கிப் பல தொகுதிகளாக வெளிவந்தது. 1996இல் அவர் மறைந்தார்.

இவ்வளவும் வாழ்க்கைக் குறிப்பு. அவர் செய்த வேலையின் தன்மை இதனினும் முக்கியமானது. அவர் ஆய்வைத் தொடங்கியபோது, முஸ்லிம்களின் தமிழிலக்கியம் என்றால் சீறாப்புராணமும் ஒருசில சிற்றிலக்கியங்களுமே என்பதுதான் கற்றோர் கருத்து. ‘அவர்களும் சில பாடினர்’ என்று முடித்துக்கொள்ளும் தாராள மனம் நமது இலக்கிய வரலாற்றாசிரியர்களுக்கு எப்போதும் உண்டு. உவைஸ் அந்தத் தாராளத்தை ஏற்கவில்லை. நூல்களைத் தேடினார். அச்சில் வந்து மறைந்தவற்றையும், கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தவற்றையும், பெயர் மட்டும் எஞ்சியவற்றையும் வேறுவேறாகப் பிரித்து எழுதினார். காப்பியங்களை ஒரு பக்கமும் சிற்றிலக்கியங்களை இன்னொரு பக்கமும் வைத்தார். அவற்றுக்கும் அப்பால், கதை கூறும் கிஸ்ஸா, வினாவிடையாக அமையும் மசலா, இறைவனிடம் இறைஞ்சும் முனாஜாத்து, பாரசீக மரபிலிருந்து வந்த நாமா, போர் பாடும் படைப்போர் ஆகியவை முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குக் கொணர்ந்த புதிய வடிவங்கள் என்பதை எடுத்துக்காட்டினார். ஒருசில நூல்கள் என்று கருதப்பட்ட இடத்தில் நூற்றுக்கணக்கான நூல்கள் நின்றன. ஐந்தாறு பெயர்கள் ஒலித்த இடத்தில் ஒரு புலவர் பரம்பரையே எழுந்தது. பட்டியலின் ஆற்றல் இது.

பட்டியல் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் இதே இலக்கியத்தில் சான்று உண்டு. ‘பல்சந்தமாலை’ என்றொரு நூல் இருந்தது. இன்று நமக்குக் கிட்டும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் அதுவே மிகப் பழையது என்பர். அந்நூலில் நம்மிடம் எஞ்சியிருப்பவை எட்டுப் பாடல்கள். அவையும் களவியற் காரிகை என்னும் அகப்பொருள் நூலுக்கு உரை எழுதியவர் மேற்கோளாக எடுத்தாண்டமையால் பிழைத்தவை. அவர் தம் தேவைக்கு எட்டுப் பாடல்களை எடுத்தார், மற்றவை போயின. முழுமையாகக் கிடைப்பவற்றுள் காலத்தால் முந்தியது 1572ஆம் ஆண்டின் ‘ஆயிர மசலா’. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எவரும் எதுவும் பாடவில்லையா? பாடினர் என்பதே இயல்பு. ஆனால் இயல்பு என்பது சான்று ஆகாது. நமது மாணவனுக்கு நாம் கூறிய ‘எழுதியிருப்பார்கள்’ என்ற விடையே அங்கும் நிற்கிறது.

பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய கதையை நாம் வகுப்பில் உணர்ச்சி பொங்கக் கூறுவோம். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஊர் ஊராக அலைந்து ஏடுகளை மீட்ட வரலாறு கேட்போரை உருக்கும், உருக்கவும் வேண்டும். சீவகசிந்தாமணி 1887இல் சாமிநாதையர் பதிப்பாக வெளிவந்தது. அதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே, 1842இல், செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் என்னும் புலவர் சீறாப்புராண ஏடுகளைத் தேடி அந்நூலை அச்சிற் பதிப்பித்தார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட பெருங்காப்பியம் அது. சாமிநாதையர் அப்போது பிறக்கவே இல்லை. ஏடு தேடிய வீரர்களின் வரிசையில் இந்தப் பெயரை நமது பாடநூல்கள் எங்கே வைத்திருக்கின்றன? வைக்காதது தற்செயலாக நேர்ந்தது என்று நாம் நம்பத் தயாராயில்லை. ‘தமிழர் மீட்டெடுத்த தமிழ்’ என்ற கதையில் முஸ்லிம் ஒருவருக்கு இடம் ஒதுக்கும் எண்ணம் கதை சொன்னவர்களுக்குத் தோன்றவில்லை. நாமும் அதே கதையைத் திரும்பச் சொன்னோம்.

இனி, இன்னொரு பெருந்தடை உண்டு. முஸ்லிம்கள் எழுதிய தமிழில் ஒரு பெரும்பகுதி தமிழ் எழுத்தில் எழுதப்படவில்லை. அரபு எழுத்தில் எழுதப்பட்டது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துக்களில் புள்ளியும் குறியும் இட்டுப் புதிய எழுத்துக்களை ஆக்கிக்கொண்டனர். அதுவே அரபுத் தமிழ். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கைக் கரையோரம் எங்கும் அது வழங்கியது. கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பேரறிஞர்கள் அதில் நூல்கள் எழுதினர். ஓதப் பழகிய பெண்களும் அதனை வாசித்தனர். தமிழ்ப் பாடசாலையின் வாசலை மிதியாத எத்தனையோ தாய்மாருக்கு அதுவே தமிழ் எழுத்தாக இருந்தது.

இந்த இலக்கியம் இரு கதவுகளுக்கு இடையே நசுங்கியது. தமிழ் கற்றோர் அதைப் பார்த்து, ‘இது அரபு, நமக்குரியதன்று’ என்றனர். அரபு கற்றோர் அதைப் பார்த்து, ‘இது தமிழ், மார்க்க அறிவுக்குரியதன்று’ என்றனர். பிற்காலத்தில் மதத்தூய்மை பேசிய சிலர், ‘மாலைகளும் கிஸ்ஸாக்களும் மூடநம்பிக்கை, தூக்கி எறியுங்கள்’ என்றனர். இம்மூவரும் ஒருவரை ஒருவர் கண்டிக்கலாம். ஆனால் பழைய பெட்டியிலிருந்த கையெழுத்துப் பிரதி கரையானுக்கு இரையானதில் மூவரும் பங்காளிகளே.

நமது மன்னார்க் கரையை நோக்குவோம். இத்தீவு ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடப்பதாக இன்று கொழும்பிலிருப்போர் எண்ணுவர். நூற்றாண்டுகளாக இது ஒரு சந்தி. முத்துக்குளிப்புக் காலங்களில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி மணல்வெளிகளில் தற்காலிக நகரமே எழும். எதிர்க்கரையிலிருந்து சுழியோடிகளும் சம்மாட்டிகளும் வணிகரும் தோணியேறி வருவர். காயலும் கீழக்கரையும் எருக்கலம்பிட்டிக்கு அயலூர்கள் போன்றவை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. தனுஷ்கோடியை 1964ஆம் ஆண்டுப் புயல் அழிக்கும்வரை, தமிழகத்தையும் இலங்கையையும் இணைத்த பெருவழி அதுவே. அவ்வழியே அரிசி மூட்டையும் வந்தது, ஆலிம்களும் வந்தனர், அவர்களது பெட்டிகளில் கிதாபுகளும் வந்தன. சரக்குக்குச் சுங்கத்தில் கணக்கு இருந்தது. கிதாபுகளுக்குக் கணக்கு வைப்பார் இல்லை.

இதே கடற்கரையில் தெற்கே, கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூறு பேரின் வரலாற்றைத் திரட்டி 1859இல் ‘தமிழ் புளூராக்’ என்ற ஆங்கில நூலை அவர் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களைப் பட்டியலிட்ட முன்னோடி முயற்சிகளுள் ஒன்று நமது கரையிலிருந்தே தோன்றியது என்பது பெருமைக்குரியது. அந்தக் கற்பிட்டி மண்ணுக்கு 1990இல் வேறொரு வகையான மக்கள் கூட்டம் படகேறி வந்தது.

1990 ஒக்டோபர் இறுதியில், வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேறவேண்டும் என்று தமிழீழ விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். ஒலிபெருக்கியில் அறிவித்தனர். ஏறத்தாழ 75,000 மக்கள் தம் ஊர்களை விட்டு அகன்றனர். அவர்களுட் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் உப்புக்குளமும் விடத்தல்தீவும் முசலிக் கிராமங்களும் சில நாட்களில் வெறுமையாயின. கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறு பைகளோடு மக்கள் கடலில் இறங்கினர். அந்தப் பைகளில் குழந்தையின் உடுப்பை வைப்பதா, பாட்டனார் எழுதிய கிதாபை வைப்பதா என்று எவரேனும் யோசித்திருந்தால், உடுப்பையே வைத்திருப்பர். நாமும் அதையே செய்திருப்போம்.

இந்தக் கட்டளை தமிழின் பெயரால் பிறப்பிக்கப்பட்டது என்பதைத் தமிழாசிரியர்களாகிய நாம் மென்று விழுங்கக் கூடாது. தமிழ் பேசி, தமிழில் தொழுகையின் பொருள் கற்று, தமிழில் தாலாட்டுப் பாடிய மக்களைத் தமிழ் மண்ணிலிருந்து துரத்திவிட்டு, எந்தத் தமிழைக் காப்பாற்றினோம்? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பலாயின. அக்கொடுமையை நாம் இன்றுவரை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் ஒன்பது ஆண்டுகளின் பின், மன்னாரின் நூற்றுக்கணக்கான வீடுகள் கதவு திறந்தபடி கைவிடப்பட்டபோது, அவ்வீடுகளின் பரண்களில் என்ன இருந்தது என்று கேட்டோமா? பிறர் நமது நூல்களை எரித்தபோது அது பண்பாட்டுப் படுகொலை. நம்மவர் பிறரை வெளியேற்றி, அவர்களது நூல்கள் மழையில் நனைந்து மக்கியபோது அதற்குப் பெயரே இல்லையா? பெயர் வைக்க நாம் கூசுகிறோம். கூச்சம் நியாயமானதே, மௌனம் நியாயமானதன்று.

இழந்தவற்றைப் பட்டியலிட ஒருவர் முன்வந்தார். எருக்கலம்பிட்டியின் மைந்தரும் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியருமான ச. ஹ. ஹஸ்புல்லாஹ், வெளியேற்றப்பட்ட மக்களிடையே சென்று, அவர்கள் இழந்த வீடு, காணி, தோணி, கடை, தொழில் ஆகியவற்றை ஆய்ந்து ஆவணப்படுத்தினார். இம்மக்களை மறக்கப்பட்ட மக்கள் என்று தலைப்பிலேயே சுட்டிய அவரது ஆங்கில நூல் 2001இல் வெளிவந்தது. தமிழ், முஸ்லிம் உறவு மீண்டும் தழைக்கவேண்டும் என்பதற்காக இறுதிவரை உழைத்த அவர் 2018இல் காலமானார். திரும்பி வந்த மக்கள், ‘இது எங்கள் காணி’ என்று வாதாடும்போது, அத்தகைய ஆவணங்களே அவர்களுக்குத் துணை. பட்டியல் என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று; அது கறிக்கு உதவும் என்பதற்கு இது சான்று.

ஆக, நம்முன் இரண்டு பட்டியல்கள் உள்ளன. உவைஸ் முஸ்லிம்கள் எழுதிய நூல்களைப் பட்டியலிட்டார். ஹஸ்புல்லாஹ் முஸ்லிம்கள் இழந்த வாழ்வைப் பட்டியலிட்டார். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது பட்டியல் ஒன்று இருந்திருக்கவேண்டும்: மன்னார்க் கரையின் வீடுகளில் இருந்த நூல்கள் எவை, அவற்றில் போனவை எவை, எஞ்சியவை எவை என்ற பட்டியல். அது நம் கையில் இல்லை. நமது மாணவனின் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

இதற்கு எழும் மறுப்புக்களை நாம் அறிவோம். முதலாவது, ‘பட்டியல் போடுவது எழுதுவினைஞர் வேலை, படைப்பே இலக்கியம்’ என்பது. கவிஞர்கள் சிலர் இவ்வாறு கூறக் கேட்டிருக்கிறோம். அவர்களது நூலைப் பட்டியலிட ஆளில்லாமற் போகும் நாளில் அவர்கள் வேறுவிதமாகப் பேசுவர்.

இரண்டாவது, ‘இது முஸ்லிம்களின் வேலை, அவர்களே செய்துகொள்ளட்டும்’ என்பது. கேட்பதற்கு மரியாதையாகத் தோன்றும் இக்கூற்று, பழைய வெளியேற்றத்தின் மெல்லிய குரல். தேம்பாவணியை ஆராய்வதற்குக் கத்தோலிக்கராயிருக்கவேண்டும் என்றோ, சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கச் சமணராயிருக்கவேண்டும் என்றோ எவரும் கூறியதில்லை. சாமிநாதையர் சைவர், சமணரிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். உவைஸுக்குத் தமிழ் கற்பித்தவர் இராமகிருஷ்ண மடத்துத் துறவி. இந்த மரபை விட்டுவிட்டு, வீட்டுக்கு வீடு வேலி போடும் புலமையை நாம் எங்கிருந்து கற்றோம்?

மூன்றாவது, ‘அரசாங்கம் செய்யவேண்டும்’ என்பது. செய்யவேண்டும், மறுப்பில்லை. ஆனால் வீட்டுக்கூரை கேட்டு வருடக்கணக்காகக் கச்சேரி வாசலில் காத்திருக்கும் மக்கள் நிறைந்த மாவட்டத்தில், பழைய ஏட்டுக்காக அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்குவார் என்று காத்திருப்பது, செய்யாதிருப்பதற்கு நாம் தேடும் நாகரிகமான சாட்டு.

வேலை அரியதன்று. பெரும் பொருளும் வேண்டியதில்லை. ஒரு கொப்பி, ஓர் அளவுகோல், ஒரு கைத்தொலைபேசி, பொறுமை ஆகியவை போதும். வீட்டாரின் அனுமதியுடன் உள்ளே செல்லவேண்டும். ஏடோ கடதாசியோ, அதன் நீள அகலம், தாள்களின் எண்ணிக்கை, எழுத்துத் தமிழா அரபுத் தமிழா, முதல் வரி, இறுதி வரி, எழுதியவர் பெயர், எழுதிய ஆண்டு, கரையான் தின்ற பகுதி எது, யாரிடம் இருக்கிறது ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடிக்கவேண்டும். மூலப்பிரதியை வீட்டாரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இது மிக முக்கியம். ‘ஆராய்ச்சிக்கு’ என்று வாங்கிச் சென்று திருப்பித் தராத பெரியோர்களால் நம் மக்கள் பட்ட பாடு போதும். படங்களை வைப்பதற்கு 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. அரபுத் தமிழை வாசிக்க நமக்குத் தெரியாது என்றால், ஊர்ப் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் முதியவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். முப்பது வயதுக்கு மேல் ஓர் எழுத்துமுறையைக் கற்பதில் தமிழ்ப் பட்டதாரிக்கு இழுக்கு எதுவும் இல்லை. கல்லாமல் இருந்ததே இழுக்கு.

ஏடே இல்லாத வீட்டிலும் வேலை உண்டு. ‘இருந்தது, போய்விட்டது’ என்று கூறும் பாட்டி இருப்பார். என்ன நூல், யார் வாசிப்பார், எந்தப் பெட்டியில் இருந்தது என்று அவர் சொல்வதையும் எழுதவேண்டும். பெயர் மட்டும் எஞ்சிய நூல்களையும் உவைஸ் தம் கணக்கில் சேர்த்தார் என்பதை நினைவிற் கொள்வோம். இழப்பைக் குறித்த வரியும் பட்டியலில் ஒரு வரியே. ஆனால் அந்தப் பாட்டிமாருக்கு வயது எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டது. அகதி முகாமில் இறந்தவர்கள் பலர். நாம் கருத்தரங்குக்குப் பந்தல் போட்டு முடிப்பதற்குள் மிகுதிப் பேரும் போய்விடுவர்.

மன்னார் மாவட்டத் தமிழாசிரியர்களுக்கு நமது வேண்டுகோள் இது: ஒவ்வொருவரும் தம் பாடசாலையைச் சூழவுள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். உயர்தர வகுப்பு மாணவர்களை, எல்லா மதத்தவரையும் கலந்து, அழைத்துச் செல்வோம். கத்தோலிக்க வீடுகளின் நாடகக் கொப்பிகளும், சைவ வீடுகளின் வைத்திய ஏடுகளும் அந்தப் பட்டியலில் ஏறட்டும். முதலில் ஏறவேண்டியவை வெளியேற்றப்பட்டவர்களின் நூல்கள். கடன்பட்டவன் கணக்கைத் தொடங்கும் முறை அது.

நாம் ஒரு கொப்பி வாங்கிவிட்டோம். வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த பின்னர், எருக்கலம்பிட்டியில் அந்த மாணவனின் மூத்தம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். முதற் பக்கத்தில் கோடுகள் இழுத்து வைத்திருக்கிறோம்: நூற்பெயர், ஆசிரியர், எழுத்து, ஆண்டு, வைத்திருப்பவர். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, ‘1990இல் நேர்ந்தது’.